பார்வையாளர் பதினொன்று

ஞாயிறு காலை எட்டேகால்.
முக்காலியில் போனை வைத்து
ரப்பர் பேண்டால் கட்டுவது என் ஊழியம்.
சிவப்புப் புள்ளி எரியும்.
பார்வையாளர் பதினொன்று.

மஸ்கட்டிலிருந்து சித்தி.
இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் தங்கசெல்வம் வாத்தியார்.
அடுப்படியிலிருந்து ஆயரம்மா.
மூன்று பேர் என் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்,
சத்தத்தை அணைத்துவிட்டு,
தங்கள் பிடரியைத் தாங்களே பார்த்தபடி.
மீதி யாரென்று
கர்த்தருக்கும் கம்பெனிக்கும் தெரியும்.

சோமனூரில் மௌன ஜெபம் என்று ஒன்று கிடையாது.
சன்னலுக்கு அக்கட்ட தறிகுடோன்.
"நம் பாவங்களை நினைத்து அமர்ந்திருப்போம்" என்று ஆயர் சொன்னதும்
டக்கடி டக்கடி என்று
பத்துத் தறியும் நினைக்கத் தொடங்கும்.
நேரலை கெடுகிறது, சன்னலைச் சாத்துங்கள் என்றது கமிட்டி.
சாத்தினோம்.
மே மாதம். சாத்தினோம்.

அறுப்பின் பண்டிகைக்குக் கூட்டம் தாங்காமல் திறந்தோம்.
பூசணிக்காய் ஏலம் எழுநூற்றில் நிற்கையில்
ரப்பர் பேண்டு அறுந்தது.
நான் ஏலக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
போன் மெல்லத் திரும்பி
சன்னலைப் பார்த்து நின்றது.

நாற்பது நிமிடம் தெரு போனது நேரலையில்:
மொபெட்டில் பாவுருளையைக் கட்டிக்கொண்டு ஒருவர்,
குழாயடியில் பதினேழு குடம்,
குடம் இல்லாதவர் இடத்துக்கு ஒரு செங்கல்,
கட்டாக்கிலிருந்து வந்த பையன் ஒருவன்
பனியனால் முகம் துடைத்தவன்
நேராகக் கண்ணுக்குள் பார்த்துச் சிரித்தான்.
பின்னணியில்
எழுநூற்றைம்பது ஒரு தரம்,
எழுநூற்றைம்பது ரெண்டு தரம்.

பார்வையாளர் இருநூற்றுப் பதிமூன்று.

கமிட்டி கூடியது.
"பீடத்தக் காட்டச் சொன்னா
கொழாயடியக் காட்டியிருக்குது புள்ள" என்றார் பொருளாளர்.
அறுந்த ரப்பர் பேண்டைச் சாட்சிக்குக் கொண்டுபோயிருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
ஆயர் வீடியோவை ஓட்டச் சொன்னார்.
பாதியில் நிறுத்தச் சொன்னார்.
"ஜெபசீலி,
இத்தனை குடமும் காலியாவா நிக்குது?"

எங்கள் ஆலயத்தில் போர்வெல் இருக்கிறது.
எண்ணூறு அடி. நல்ல தண்ணீர்.

ஆலயச் செய்திகள் என்றொரு வாட்ஸ்அப் குழு.
தினமும் ஐந்து மணிக்கு
ரோஜாப்பூவின் மேல் ஒரு வசனம்.
அட்மின் மட்டுமே எழுத முடியும்.
அன்று ராத்திரி அதைத் திறந்துவிட்டேன்.
என்னை யாரும் சொல்லவில்லை.
யாரிடமும் நான் சொல்லவுமில்லை.

முதலில் இன்சூரன்ஸ்காரர் வந்தார்.
பிறகு கட்சி போஸ்டர்,
காணாமல் போன எருமை,
ஓ நெகட்டிவ் ரத்தம்,
சீட்டுப் பணத்துக்காக ஒரு சண்டை.
செயலாளர் இரண்டுமுறை வெளியேறி
இரண்டுமுறை தானாகவே திரும்பி வந்தார்.
வால்வு திறக்கும் குருந்தாசலம் அண்ணன் சேர்ந்த பிறகு
தண்ணீர் வரும் நாள்
வசனத்துக்கு முன்னால் வரத் தொடங்கியது.

எழுதத் தெரியாத நாச்சாயி
குரலாக வந்தாள்:
"ஏனுங், நானு மாரியாத்தா கோயலுக்குப் போறவ.
இதுல பேசலாமுங்களா?"
அரைமணி நேரம் குழு மூச்சு விடவில்லை.
நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்கிற ஆயர்
ஒரே ஓர் எழுத்து போட்டார்:
ம்.

சுற்றுச்சுவரில் குழாய் வைத்தோம்,
தெருவைப் பார்த்து.
பொருளாளர் இன்னும் கரண்ட் பில்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.
அவர் சொல்வதும் நியாயம்தான்.

நேற்று அதிகாலை இரண்டு மணி.
போன் அதிர்ந்தது. நாச்சாயி.
"உங்க தொட்டி ரொம்பி ஊத்துதுங்.
மோட்டார நிறுத்தாமத் தூங்கிட்டீங்களாட்டிருக்குது."
சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
ராத்திரி ஷிப்டுத் தறிகள்.
தெருவிளக்கில் பளபளக்கும் ஈரம்.
மோட்டார் பொத்தானில் என் விரல்.
சுவருக்கு வெளியே
வழியும் தண்ணீருக்குக் கீழே
குடம் ஏந்தி நாலைந்து பேர்.
இருட்டில் அதே குரல்:

"சித்தெ பொறு கண்ணு.
இன்னும் ரெண்டு கொடந்தான்."